வாய் வெட்டாத குழிகள்

குழி தோண்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்கிறவர்களைத் திருக்கழுக்குன்றம் ரோட்டோரச் சரளையில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் ஒரு கடப்பாரையைக் கொடுக்க வேண்டும். அதுவும் சித்திரை வெயிலில். அரை முழம் இறங்குவதற்குள் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். முத்துசாமி அந்தச் சரளையில் இருபது வருஷமாக வேலிக்குழி எடுத்தவன். அப்படிப்பட்ட மனுஷன் செங்கல்பட்டில் ஒரு விவசாய மிஷின் கடை வாசலில், கையில் மூன்று கேரி பேக்கோடு, உள்ளே நுழையத் தயங்கி நின்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி மார்கரெட். அவள் தம்பி ஏசுதாஸ் எதிர்ப்புறம் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

மூன்று பையிலும் மண் இருந்தது.

"உள்ள போய்யா. இன்னாத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவன் மாரி நின்னுகினு கீற?" என்றாள் மார்கரெட்.

"நீ முன்னால போ."

"ஏன், இடுப்பு புடிச்சிகினது எனக்கா?"

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. திருப்போரூரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நெல் விளைந்த நிலம், சவுக்கு நின்ற நிலம், வெறும் முள் மட்டுமே முளைத்த நிலம், எல்லாவற்றுக்கும் வேலி. வாங்கியவர் சென்னையில் இருப்பார், இல்லாவிட்டால் அமெரிக்காவில். நிலத்தை ஒருமுறை காரில் இருந்தபடியே பார்த்துவிட்டு, முதல் வேலையாகச் சுற்றிலும் கல்லுக்கால் நடச் சொல்லிவிடுவார். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற கருங்கல் கால்கள். குவாரியில் பிளந்தபடியே வரும், ஒன்று போல ஒன்று இருக்காது. அவற்றை வரிசையாக நட்டு முள்ளுக்கம்பி கட்ட வேண்டும். முத்துசாமியின் செட்டில் நாலு ஆண்கள், நாலு பெண்கள். ஆண்கள் கடப்பாரை போடுவார்கள். பெண்கள் மண்ணை அள்ளி, ஓரம் சீவி, கல்லுக்குக் கை கொடுத்து, சுற்றி ஜல்லி போட்டுக் கெட்டிப்பார்கள். ஆண்கள் செய்வதற்குக் குழி வேலை என்று பேர். பெண்கள் செய்வதற்குப் பேரே கிடையாது.

தை மாதத்தில் ஒரு நாள் முத்துசாமி கடப்பாரையைத் தூக்கினான், அது மேலேயே நின்றுவிட்டது. அவனும் அப்படியே நின்றான். பிறகு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்கே படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்க் விலகியிருக்கிறது, இனிமேல் கடப்பாரை பக்கமே போகாதே என்றார் டாக்டர். ஒரு மாதம் சும்மா கிடந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் போய்த் திரும்பவும் எடுத்தான். திரும்பவும் ஷேர் ஆட்டோ. அன்றைக்கு மார்கரெட் அழவில்லை, கத்தவில்லை. கடப்பாரையைக் கொண்டுபோய்த் தன் மாட்டுக் கொட்டகையின் கூரைக்குள் செருகிவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திருவேங்கடம் வந்தார். ஒரு பிளாட் கம்பெனியின் சைட்டு சூப்பர்வைசர். ரோட்டோரத்தில் பெரிய இடமாக வளைத்திருந்தார்கள்.

"நாலு பக்கமும் சேத்தா பெரிய வேல முத்துசாமி. கை ஆள வெச்சிகினு நான் தீவாளி வரைக்கும் உக்காந்துகினு இருக்க முடியாது. மிஷின் வெச்சிகினா உனக்கே தரேன். இல்லாங்காட்டி மதுராந்தகத்துல ஒரு பார்ட்டி கீறான். அப்பால என்னக் கொற சொல்லாத."

மிஷின் என்பது டிராக்டரின் பின்னால் மாட்டுகிற திருகு. ஏசுதாஸிடம் பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. இவர்களே ஒரு திருகு வாங்கிவிட்டால் முத்துசாமி கடப்பாரையைத் தொட வேண்டாம். பக்கத்தில் நின்று குறி காட்டினால் போதும், தொழிலும் கையை விட்டுப் போகாது. இதில் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம். எந்த மிஷின் என்பதில்தான் வீடு இரண்டு வாரம் ரணகளமானது.

எங்கள் பக்கத்தில் மண் ஒரே மண் கிடையாது. கிழக்கே கடலோரம் மணல். நடுவில் ஏரி வாய்க்கால் பாய்ந்த இடமெல்லாம் களி. மேற்கே திருக்கழுக்குன்றம் நெருங்க நெருங்க, கடப்பாரை பட்டால் நெருப்பு பறக்கும் சரளை. மிஷினை எந்த மண்ணை நினைத்து வாங்குவது?

"பெருசா வாங்கு மாமா. பன்னெண்டு இஞ்ச்சி," என்றான் ஏசுதாஸ். காரப்பொடி மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். "ஈசிஆர் பக்கம் ரிசார்ட்டுகாரன் அத்தினி பேரும் வேலி போட்றான். மணலு. உள்ள வுட்டா வெண்ணெ மாரி போவும்."

"மணல்ல குழி எடுக்க எதுக்குடா மிஷினு? என் பேத்தி வந்தா கையாலயே எடுப்பா," என்றான் முத்துசாமி. அவனுக்குப் பேத்தி கிடையாது. "சரளைக்கு வாங்கு. என் இடுப்ப ஒடைச்சது சரளை தான். பல்லு வெச்ச மிஷினா வாங்கணும். அத்த ஒரு கை பாக்கணும்."

"ரெண்டு பேருக்கும் புத்தி கீதா?" மார்கரெட் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "புது லேஅவுட்டு எல்லாம் எங்க வருது? ஏரிப் பக்கம். களியில மாட்டிகினா உன் மிஷினு வெளிய வருமா? யாராச்சும் கேட்டீங்களா?"

"நீ கேளேன்," என்றான் முத்துசாமி.

"கேக்கத்தான் போறேன். மூணு மண்ணையும் எட்த்துகினு போவோம். கடைக்காரனே சொல்லட்டும்."

அப்படித்தான் மூன்று கேரி பேக். நெம்மேலிப் பக்கத்து மணலை ஏசுதாஸ் அள்ளிவந்தான். சரளையை முத்துசாமி பொறுக்கிப் போட்டான். களியை மார்கரெட்டே வரப்பில் இறங்கி வெட்டி, காயாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

கடைக்காரர் மேஜைமேல் வைத்த மூன்று பையையும் பிரித்துப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? மண்ணு டெஸ்ட்டு பண்ற ஆபீசு அடுத்த தெருவுல."

"தெரியும் சார். இந்த மூணுத்துலயும் குழி போடணும். எந்த மிஷினு எடுக்கும்?"

அவர் அலுத்துக்கொள்வார் என்றுதான் முத்துசாமி நினைத்தான். ஆனால் மனுஷனுக்கு வேறு வியாபாரம் இல்லாத மத்தியானம் அது. சரளைக் கல் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். களியை உருட்டிப் பார்த்தார்.

"டிராக்டரு எத்தினி எச்பி?"

"முப்பத்தஞ்சு," என்றான் ஏசுதாஸ், கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு.

"அப்ப பன்னெண்டு இஞ்ச்ச மறந்துடு. சரளையில இன்ஜினு நின்னுடும். இன்னொண்ணு கேட்டுக்கோ. இந்த மிஷின மேலேர்ந்து யாரும் அழுத்தப் போறதில்ல. டிராக்டரு தூக்கும், எறக்கும், அவ்ளோதான். தன் எடையிலயே அது மண்ணக் கடிச்சிகினு போவணும். லேசான மிஷினு வாங்கினா சரளமேல பம்பரமா சுத்திகினு நிக்கும். கனமா வாங்கினா களியில திருகிகினு உள்ள போயிட்டு வெளிய வராது. எல்லா மண்ணுக்கும் ஒரே மிஷினு கேட்டா, தலவலிக்கும் வயித்தவலிக்கும் ஒரே மாத்திர கேக்கற மாரி."

"சார், ஒண்ணுதான் வாங்க முடியும்," என்றாள் மார்கரெட்.

"கல்லு எத்தினி அகலம் வரும்?"

"அஞ்சு இஞ்ச்சி. சிலது ஆறு."

"அப்ப ஒம்போது இஞ்ச்சி போதும். சுத்தி ஜல்லி போட எடம் கீது. கனமானதா எடுத்துக்கோ, பல்லு கழட்டி மாட்ற மாரி. களியில மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கித் தூக்கி எறக்கித் தூக்கிப் போ. அவசரப்பட்டா மாட்டிக்குவ."

ஏசுதாஸ் பன்னிரண்டு இஞ்ச் மிஷினை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்தான். முத்துசாமி ஒன்பது இஞ்ச் திருகின் பல்லை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தான். மார்கரெட், "இதான்" என்றாள். கடைசியில் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். பின்னால் யாரும் அதை அவளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மிஷினுக்காக அவளுடைய இரண்டு கறவை மாடும் போயின. ஊரப்பாக்கத்தில் பால் பண்ணை வைத்திருந்த ஒருவர் மினி லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். செவலை ஏறிவிட்டது. கருப்பி ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. மார்கரெட் வந்து கழுத்தில் தட்டியதும் ஏறியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தி முரண்டு பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. லாரி போனபிறகு கொட்டகையைக் கழுவி விட்டாள், கழுவ வேண்டிய அவசியம் இல்லாதபோதும்.

அதே வாரம் முத்துசாமி தண்ணீர்க் குழாயடியில் நின்று செட்டுப் பெண்களிடம் சொன்னான். "இனிமே பொம்பளைங்க வரத் தேவல. மிஷினே மண்ண மேல தள்ளிடுது. அள்றதுக்கு ஒண்ணும் கெடயாது. ஜல்லி போட்றதுக்கு ஆம்பளைங்களே போதும்." மார்கரெட் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அந்தப் பெண்களில் ஒருத்தி, வேண்டா, அவளையே பார்த்தாள். இருவரும் ஒரே வரிசையில் பதினைந்து வருஷம் மண்வெட்டி போட்டவர்கள். மார்கரெட் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் சோதனை ஏரிப் பக்கத்துக் களியில். கடைக்காரர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே ஏசுதாஸ் செய்தான். அவசரப்பட்டான். திருகு ஆசையாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கினால் டிராக்டரின் முன்சக்கரம்தான் மேலே எழும்பியது. ஒரு மத்தியானம் முழுக்கப் பைப்பு ரெஞ்சு போட்டு, நாலு ஆண்கள் செக்கு சுற்றுவதுபோலச் சுற்றி எதிர்ப்பக்கமாகத் திருகி எடுத்தார்கள். முத்துசாமி தூரத்தில் இடுப்பில் கைவைத்து உட்கார்ந்தபடி தன் மைத்துனனின் பரம்பரையையே திட்டினான். அது தன் பெண்டாட்டியின் பரம்பரையும்தான் என்பது ஞாபகம் வந்தபிறகு நிறுத்திக்கொண்டான்.

ஆனால் ஆடி பிறந்து, திருவேங்கடத்தின் சைட்டில் சரளையில் இறக்கியபோது மிஷின் தன் புத்தியைக் காட்டியது. பல் கடகடவென்று கடித்தது. செம்மண் சுருள் சுருளாக மேலே வந்து வட்டமாகக் குவிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழி. ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் அடுத்தது. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல, ஒரு பிசிறு கிடையாது. முத்துசாமி மண்டியிட்டு உள்ளே கைவிட்டுச் சுவரைத் தடவினான். இருபது வருஷத்தில் அவன் ஒரு குழிகூட அவ்வளவு அழகாக எடுத்ததில்லை. கண் கலங்கியது. காற்றில் புழுதி என்று துண்டால் துடைத்துக்கொண்டான்.

"கல்லு லோடு நாளைக்கே வருது. எறக்கிடவா?" என்றார் திருவேங்கடம்.

"வேணாம் சார். கல்லு எறக்கிட்டா டிராக்டரு பூந்து வர வழி இருக்காது. குழி முழுக்கப் போட்டுக்கறோம். அப்பால எறக்குங்க."

இதை முத்துசாமியேதான் சொன்னான். எத்தனையோ வருஷமாக முதலில் ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் கல்லைப் போட்டுவிட்டு, பிறகுதான் குழி எடுப்பது வழக்கம். வழக்கத்தை மாற்றினால் மாறுவது அது ஒன்றுதானா என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலா இருந்தான்? ரோட்டுப் பக்கம் முழுக்கக் குழி. வேடிக்கை பார்க்க பஸ்ஸைக்கூட மெதுவாக ஓட்டினார்கள்.

வீட்டில் மார்கரெட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவாள். பால் கறக்க மாடு இல்லை. சைட்டுக்குப் போக வேலை இல்லை. கருவாட்டைச் சுத்தம் பண்ணுவாள், காய்ந்த பாத்திரத்தைத் திரும்பவும் கழுவுவாள். எதிரே வேண்டாவின் வீட்டு வாசலில் காலையில் வேன் வந்து நிற்கும். செட்டில் இருந்த மூன்று பெண்களும் நீலச் சேலை யூனிஃபார்மில் ஏறிப் போவார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. வேண்டா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஏசுதாஸ் பைக்கில் வந்தான். ஹாரனை விடாமல் அடித்தான்.

"அக்கா, வண்டியில ஏறு. மாமா கல்லத் தூக்கறன்னு நிக்கறாரு. யாரு சொன்னாலும் கேக்கல."

"அந்தாளு எதுக்குடா கல்லத் தூக்கணும்?"

"கல்லு உள்ள போவ மாட்டேங்குது."

சைட்டுக்குப் போய் இறங்கியபோது ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வரிசையாகக் குழிகள். வரிசையாகக் கற்கள். ஒரு கல்கூட நிற்கவில்லை. முதல் குழியில் மட்டும் ஒரு கல் கால்வாசி நுழைந்து, சாய்ந்தபடி இறுகிக்கொண்டு கிடந்தது. மூன்று ஆண்கள் அதைத் தள்ளியும் இழுத்தும் மூச்சு வாங்கினார்கள். முத்துசாமி துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, நாலாவது ஆளாகக் கை வைக்கக் குனிந்துகொண்டிருந்தான்.

"யோவ்! கைய எட்றா!" மரியாதை எல்லாம் பைக்கிலேயே விழுந்துவிட்டது. "எட்றா கைய! மாட்ட வித்து எதுக்குடா மிஷினு வாங்கினேன், நீ கல்லு தூக்கிச் சாவறதுக்கா?"

முத்துசாமி நிமிர்ந்தான். முகம் வேர்வையில் சிவந்து கிடந்தது. "இன்னா பண்ணச் சொல்ற? நேரா தூக்கி நிறுத்தி எறக்கினாதான் போவுது. கொஞ்சம் சாஞ்சா சுவத்துல முட்டிகினு நிக்குது. இந்தக் கல்ல நேரா தூக்க எட்டு ஆளு வேணும். அத்தினி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

மார்கரெட் குழியைப் பார்த்தாள். அடுத்த குழியைப் பார்த்தாள். எல்லாம் வட்டம். எல்லாம் செங்குத்து.

"வாய் எங்கடா?" என்றாள்.

"இன்னா வாய்?"

"குழிக்கு வாய் எங்க?"

நாலு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கையால் எடுக்கிற குழி இப்படி இருக்காது. முத்துசாமி கடப்பாரையால் ஆழம் இறக்கிவிட்டு அடுத்த குறிக்குப் போய்விடுவான். பின்னால் வருகிற மார்கரெட்டோ வேண்டாவோ குழியின் ஒரு பக்க விளிம்பை மண்வெட்டியால் சரிவாக வெட்டி அடிவரைக்கும் இறக்கிவிடுவார்கள். படுத்துக் கிடக்கும் கல்லின் கால் அந்தச் சரிவில் இருந்தால் போதும். தலைப்பக்கத்தை இரண்டு பேர் தூக்கத் தூக்க, கல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் தானாக எழுந்து நிற்கும். அந்தச் சரிவுதான் வாய். வாய் இல்லாத குழியில் கருங்கல் காலை நடுவது, படுத்திருக்கிற யானையைத் தூக்கி நிற்கவைக்கிற மாதிரி.

மூன்று பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு போனவர்கள் கடைக்கு ஒரு கல்லைத் தூக்கிப்போயிருக்கலாம். வாய் வெட்டுவதைத் திருவேங்கடம் மறந்தால் நியாயம். கடைக்காரர் மறந்தால் நியாயம். ஆயுசு முழுக்க இதையே செய்தவர்கள் மறந்தார்கள். அதிலும் மார்கரெட்டுக்குத் தன்மேல்தான் அடக்கமாட்டாத ஆத்திரம் வந்தது. ஆயிரம் வாய் வெட்டிய கை அவள் கை. கடையில் நின்று, ஒன்பது இஞ்ச் போதும் என்று ஆடியதும் அவள் தலைதான். ஒரு வேலை என்று அதை அவளே ஒருநாளும் நினைத்ததில்லை என்றால், வேறு யாரைப் போய்த் திட்டுவது?

"நாந்தான்யா," என்றாள். "நாந்தான் மறந்தேன். செருப்பால அடிச்சிக்கணும் என்னிய."

திருவேங்கடம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இத பார் முத்துசாமி, கம்பி கட்றவன் திங்கக்கெழம மத்தியானம் வரான். ரோட்டுப் பக்கம் முழுக்கக் கல்லு நிக்கணும். நிக்கலன்னா மீதி மூணு பக்கத்தையும் மதுராந்தகத்துப் பார்ட்டியாண்ட குடுத்துருவேன். அவன் சிமெண்ட்டு தூணு போட்றானாம். எடை கம்மி, ரெண்டு ஆளு போதும்னான். மொதலாளி கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"நின்னுரும் சார்," என்றாள் மார்கரெட். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் வேன் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றாள். வேண்டா காய்கறி வாங்க அங்கேயே இறங்குவாள். இறங்கியவள் இவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் கத்தரிக்காய்க் கூடைப் பக்கம் திரும்பினாள்.

"வேண்டா. நாளைக்கி ஒரு நாளு, திங்கக்கெழம அர நாளு. வாடி."

"எதுக்கு?"

"வாய் வெட்ட."

வேண்டா சிரித்துவிட்டாள். "ஏன், உன் மிஷினுக்குத்தான் அத்தினி பல்லு கீதே. வாய் வெட்ட வராதாமா?"

"கிண்டல் பண்ணாத. உசுரு போவுது எனக்கு."

"எனக்கும் அன்னிக்கிப் போச்சுக்கா. கொழாயாண்ட நிக்க வெச்சி வர வேணாம்னு சொன்னாரு உன் வூட்டுக்காரு. நீ கொடத்த வெச்சிகினு பக்கத்துலதான் நின்ன. ஒரு வார்த்த பேசினியா?"

"நானுந்தானடி வூட்ல உக்காந்தேன்."

"நீ மிஷினு வாங்கிட்டு உக்காந்த. நாங்க?"

வேண்டா நாலு கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

"கோவத்துல சொல்லலக்கா. நெசமாவே வர முடியாது. அங்க ஞாயித்துக்கெழமயும் ஷிப்ட்டு. ஒரு நாளு நின்னா அடுத்த நாளு வேற ஆள வெச்சிருவான். மத்த ரெண்டு பேருக்கும் அதே கததான், போய் நிக்காத." கத்தரிக்காயைப் பையில் கொட்டிக்கொண்டாள். "என் மம்முட்டி உன் மாட்டுக் கொட்டாயிலதான் கெடக்குது. வேணும்னா எட்த்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் மணி அடித்தபோது மார்கரெட் சைட்டில் இருந்தாள். தன் மண்வெட்டியைத் தவிர வேண்டாவின் மண்வெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விளிம்பை ஓங்கி வெட்டி உடைத்துக் குழிக்குள் சரித்து, சரிந்ததை அள்ளி வெளியே போட்டு, திரும்ப வெட்டினாள். பொடிச்சரளை முகத்தில் தெறித்தது. நாலு பேர் செய்த வேலை. ஒரு வாய் முடிந்து நிமிர்ந்தால் ரோடு வரைக்கும் வட்டம் வட்டமாகக் குழிகள் காத்துக் கிடந்தன. ஒன்று முடிந்ததும் மூன்று ஆண்களும் வந்து கல்லைச் சாய்த்து ஏற்றினார்கள். கல் சிரமமே இல்லாமல் உள்ளே போய் நின்றது. ஜல்லி போட்டுக் கெட்டித்துவிட்டு அடுத்த வாய்க்காக அவர்கள் நிழலில் போய் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் வெட்டலாமில்ல?" என்றாள்.

"வெட்டிப் பாத்தோம்க்கா. ஒரு கல்லு கவுந்துகிச்சு," என்றான் ஒருவன். சுற்றிலும் உள்ள மண்ணையெல்லாம் இளக்கிப் பெரிய பள்ளமாக வெட்டி வைத்திருந்தான். கல் நிற்கப் பிடிமானமே இல்லை. அதைத் திரும்ப மூடிக் கெட்டிக்கவே தனி வேலை ஆனது.

பின்பக்கத்தில் ஏசுதாஸ் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தான். அவன் போடப் போட வாய் இல்லாத குழிகள் இன்னும் கூடின. மார்கரெட்டுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்துடா அத்த!" என்று கத்தினாள். "நான் வர வரைக்கும் நிறுத்து!"

இன்ஜின் அணைந்தது. இரண்டு மாட்டை விழுங்கிய மிஷின் வெயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காற்றின் சத்தமும் அவள் மண்வெட்டிச் சத்தமும் மட்டும் கேட்டன.

சிறிது நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது. முத்துசாமி. கையில் வேண்டாவின் மண்வெட்டி. அவன் அதைப் பிடித்திருந்த விதத்திலேயே, இந்த வேலைக்கு இதுவரை பிடித்ததில்லை என்று தெரிந்தது. அடுத்த குழியருகே போய் நின்றான். குழியைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். இந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தான், அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தான்.

"மார்கரெட்டு."

"இன்னா?"

"எந்தப் பக்கம் வெட்டணும்?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறானா என்று பார்த்தாள். இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"இருவது வருசமா உன் பின்னாலயே வெட்டிகினு வந்தேனேய்யா. ஒரு நாளுகூடவா நீ பாக்கல?"

முத்துசாமி மண்வெட்டியின் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் குழிய எட்த்துட்டு அடுத்த குறிக்குப் போய்டுவேன்," என்றான். "திரும்பிப் பாக்கசொல்லோ கல்லு நின்னுகினு இருக்கும்."

அவளுக்குத் திட்ட வேண்டும்போல் வாய் வரைக்கும் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அவனிடம் நடந்தாள். கல் படுத்திருந்த பக்கம் போய், மண்வெட்டி முனையால் தரையில் இரண்டு கோடு இழுத்தாள்.

"இந்தக் கோட்டுக்குள்ள. வெளிய ஒரு பிடி மண்ணக்கூடத் தொடாத. குனியாத, இடுப்பு போய்டும். முட்டி போட்டு வெட்டு."

ஈஸ்டருக்குக் கூட்டிப்போனால்கூடக் கோயிலின் கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு நிற்கிற மனுஷன், சரளையில் முட்டி போட்டான். முதல் வெட்டு கோட்டுக்கு வெளியே விழுந்தது.

"அங்க இல்லய்யா," என்றாள் மார்கரெட். "இங்க."